சாவா மூவா ஆடும் ஒரு நீர்க்கட்டியும்

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரமானால் சத்துவாச்சாரியில் ஒரு மாடி அறையில் நாங்கள் கூடிவிடுவோம். மூன்று வருஷமாக நடக்கிற பழக்கம். ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடமாடுவார்கள், தாண்டினானா விழுந்தானா என்று சந்தேகம் வருகிற இடத்தில் இருபது முகப் பகடையை உருட்டிப் பார்ப்போம். கதை சொல்கிறவன் நான். கோட்டை, அகழி, மந்திரக்காரி, மலைக்குகையில் ஒரு யாளி என்று அந்தக் காலத்து மாய உலகம் ஒன்றை இருநூறு பக்க நோட்டில் எழுதி, சார்ட் பேப்பரில் வரைபடமும் போட்டு வைத்திருக்கிறேன். வெளிநாட்டுக் கதைகளில் வருகிற நெருப்பு கக்கும் பறவைப்பாம்பு எனக்கு வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் தூணுக்குத் தூண் யாளி பாய்ந்து நிற்கும்போது மிருகத்துக்கு வேறெங்கே போவது?

போன தை மாதம் புதிதாக ஒரு தம்பி வந்து சேர்ந்தான். கல்லூரியில் இரண்டாம் வருஷம், பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவன். வாள்வீரன், வில்லாளி, மருத்துவச்சி மூவரும் ஏற்கெனவே இருக்கிறார்கள், நீ யாராக வருகிறாய் என்று கேட்டேன். வரைபடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

“ஏரி எங்கணா கீது?”

கோட்டைக்குப் பக்கத்தில் நீலமாக ஒரு குளம் வரைந்திருந்ததைக் காட்டினேன்.

“இது கோயில் குளம்ணா. நெல்லுக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது?”

என்னிடம் பதில் இல்லை. வரைபடத்தில் 17 ஊர் போட்டிருந்தேன். ஒரு ஊரில்கூட ஏரி கிடையாது, மதகு கிடையாது, களம் கிடையாது. ஊர் என்றால் பத்துப் பதினைந்து கூரை, நடுவில் ஒரு சத்திரம், அந்தச் சத்திரத்தில் வீரர்களுக்கு வழி சொல்ல ஒரு கிழவர், அவ்வளவுதான். அவன் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நான் நீர்க்கட்டியா வரேன்ணா, எங்க தாத்தா நீர்க்கட்டிதான்” என்றான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏரியின் மதகைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எந்த நேரம் எவ்வளவு தண்ணீர் என்று முறை வைத்துக் கட்டிவிடுகிறவர் நீர்க்கட்டி. அவர் கையில் வாள் இருக்காது, மண்வெட்டிதான் இருக்கும். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், அவன் விளையாடுவதற்கு என் உலகத்தில் ஒரு அடி நிலம்கூட இல்லை என்பது உறைத்தது. அன்றைக்கு ராத்திரி நோட்டை எடுத்துப் புரட்டினேன். ராஜாவுடைய ஏழு தலைமுறை இருக்கிறது, வாளின் பெயர் இருக்கிறது, ராணியின் மோதிரத்துக்கு ஒன்றரைப் பக்கம் கதை இருக்கிறது. ஜனங்கள் வருகிற இடத்தையெல்லாம் தேடினால், யாளி வந்தால் ஓடுகிறார்கள், படை வந்தால் ஓடுகிறார்கள், வீரன் ஜெயித்துத் திரும்பினால் கூட்டமாக நின்று வாழ்த்துகிறார்கள். ஓடுவதற்கு முந்தின நாள் காலையில் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஒரு வரி இல்லை.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு தம்பியின் ஊருக்கே போய்விட்டேன். ஏரியில் தண்ணீர் இறங்கியிருந்தது, அதனால் பழைய மதகு முழுக்க வெளியே தெரிந்தது. கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஏரிக்குள்ளேயே இரண்டு கல்தூண். இரண்டுக்கும் குறுக்கே ஒன்றன்கீழ் ஒன்றாகப் பலகைக் கற்கள், ஒவ்வொரு பலகையின் நடுவிலும் ஒரு துளை. அந்தத் துளைகளின் வழியாக நீளமான ஒரு கம்பு இறங்கும், கம்பின் அடியில் கூம்பாகச் செதுக்கிய மரக்கட்டை, அது கீழே கல்லில் இருக்கிற ஓட்டையை அடைத்துக்கொள்ளும். கம்பை ஒரு சாண் தூக்கினால் ஒரு சாண் தண்ணீர். ஏரி நிறைந்திருந்தால் நீந்திப் போய்த்தான் தூக்க வேண்டும், அடைப்பு சிக்கிக்கொண்டால் மூச்சை அடக்கி முங்க வேண்டும். மேல்பலகையின் துளையைக் கையால் தடவிப் பார்த்தேன். மூன்று பக்கம் சொரசொரப்பாக இருக்கிறது, கரையைப் பார்த்த பக்கம் மட்டும் வழவழவென்று உள்வாங்கித் தேய்ந்திருக்கிறது. எத்தனை பேர் எத்தனை வருஷம் அந்தக் கம்பைத் தங்கள் பக்கமாகச் சாய்த்து இழுத்திருந்தால் கருங்கல் அப்படித் தேயும்.

தம்பியின் அப்பா கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா காலத்தில் பகலில் நிழலை வைத்தும் ராத்திரியில் நட்சத்திரத்தை வைத்தும் முறை மாற்றுவார்களாம். “ராத்திரியில எந்த மடை ஒடைஞ்சாலும் அவருக்குத் தூக்கத்துலயே தெரிஞ்சிடும் நைனா. தண்ணி சத்தம் மாறும்ல, எழுந்து உக்காந்துடுவார்” என்றார். கூலி என்று மாசாமாசம் எதுவும் கிடையாது, அறுப்பு முடிந்து களத்தில் நெல் தூற்றிக் குவித்த பிறகு காணிக்கு இவ்வளவு என்று அளந்து போடுவார்கள், விளையாத வருஷம் அவருக்கும் இல்லை. 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்துப் போனபோது இந்த ஏரியும் கோடி போனதாம், அதாவது நிரம்பி, மிஞ்சின தண்ணீர் அதற்கென்று விட்ட வழியாக வழிந்து விழுந்ததாம். ஊரே கரைக்கு வந்து நின்று வேடிக்கை பார்த்தது, கிழவர் மட்டும் வரவில்லை, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே, கோடியில் எத்தனை முழம் உயரத்துக்குத் தண்ணீர் விழுகிறது என்று சத்தத்தை வைத்துச் சொன்னார் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமையை எந்த ராஜாவின் மெய்க்கீர்த்தியிலும் நான் படித்ததில்லை.

திரும்பி வந்து வரைபடத்தை முதலிலிருந்து போட்டேன். முதலில் மலை, அப்புறம் ஓடை, ஓடையை மறிக்கிற இடத்தில் ஏரி, ஏரிக்குக் கீழே வயல், வயலுக்கு மேட்டில் ஊர், ஊருக்குத் தள்ளிச் சேரி. கோட்டையைக் கடைசியில் வரைந்தேன். எங்கே நெல் மிஞ்சுகிறதோ அங்கேதானே கோட்டை வர முடியும்? காவேரிப்பாக்கத்து ஏரியைப் பல்லவர்கள் வெட்டியது ஊற்றெடுக்கும் கருணையால் மட்டும் இருக்காது, ஏரி இல்லாமல் வரி இல்லை, வரி இல்லாமல் படை இல்லை என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சாதாரண ஜனங்களைப் பற்றி எதுவும் மிஞ்சவில்லை, அதனால்தான் கதைகளில் ராஜாக்களே வருகிறார்கள் என்று நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். அது தப்பு. மிஞ்சியிருக்கிறது, கோயில் சுவரிலேயே இருக்கிறது, நாம் ராஜா பெயர் வருகிற முதல் வரியோடு நிறுத்திவிடுகிறோம். திருவல்லம் கோயிலுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அந்தச் சுவர் எழுத்துகளைத் தொட்டுப் பார்த்து நின்றது இந்த வருஷம்தான். சோழர் காலக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு சொல் இருக்கிறது: சாவா மூவாப் பேராடு. சாகாத, மூப்படையாத ஆடு. முதல் தடவை படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது, என் நோட்டில் இருக்கிற எந்த மந்திர மிருகத்துக்கும் இப்படி ஒரு பெயர் அமையவில்லை.

ஆனால் அது மந்திரம் இல்லை, கணக்கு. கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையாமல் எரிகிற விளக்கு, வைக்க விரும்புகிறவர் 90 ஆடு கொடுப்பார், சில ஊர்களில் 96. அந்த ஆடுகளை ஒரு இடையர் பொறுப்பில் விடுவார்கள், கல்வெட்டில் அவரை மன்றாடி என்று எழுதியிருக்கும். அவர் தினமும் ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடு செத்தால், கிழடானால், குட்டியை வளர்த்து எண்ணிக்கையை நிரப்பிக்கொள்ள வேண்டியது அவர் பாடு. கோயிலின் ஏட்டில் அந்த மந்தை என்றைக்கும் 90தான், சாகவும் சாகாது, மூக்கவும் மூக்காது. சந்திரன் சூரியன் இருக்கும்வரை என்று எழுதி முடித்துவிடுவார்கள். மன்றாடிக்குப் பிறகு அவர் மகன், அப்புறம் பேரன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு உழக்கு ஒரு நாழி. வருஷத்துக்கு 365 உழக்கு என்றால் 91 நாழியும் ஒரு உழக்கும். 90 ஆட்டுக்கு அதைப் பிரித்தால் ஆடு ஒன்றுக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு நாழி நெய். எவ்வளவு இறுக்கமாக யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். குட்டிக்குப் போக, நோய்க்குப் போக, மழை இல்லாத வருஷத்துக்குப் போக மன்றாடி வீட்டுக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று நினைக்க நினைக்க மனசு கனக்கிறது. பல இடங்களில் அவருக்குப் பக்கத்து மன்றாடிகள் பிணை நிற்க வேண்டியிருந்தது, ஒருவர் தவறினால் அவர்கள் கட்ட வேண்டும்.

இதை அப்படியே விளையாட்டுக்குள் கொண்டுபோனேன். மலையிலிருந்து யாளி இறங்கி வருகிறது, மூன்று ராத்திரியில் கோயில் மந்தையில் 11 ஆட்டைத் தூக்கிப் போய்விடுகிறது. வாள்வீரனும் வில்லாளியும் மலை ஏறினார்கள், அற்புதமான சண்டை, பகடை இரண்டு தடவை இருபது விழுந்தது, யாளி செத்தது, ராஜா 100 பொன் கொடுத்தார். பழைய நாளாக இருந்தால் அங்கேயே நோட்டை மூடியிருப்பேன். இந்தத் தடவை மூடவில்லை. மறுநாள் காலையில் மன்றாடி கோயில் வாசலில் நிற்கிறார், கணக்கர் ஓலையைப் பிரிக்கிறார், 11 ஆடு குறைகிறது என்று சொன்னேன்.

வில்லாளியாக வருகிறவர் மருந்துக் கடை வைத்திருக்கிறார், கணக்கில் கெட்டி. “யாளி தின்னதுக்கு அவர் என்ன பண்ணுவார்? எழுதிக் கொடுத்தா தள்ளுபடி பண்ணிடுவாங்க” என்றார்.

தம்பி தலையைத் தூக்காமல் சொன்னான். “கல்லுல யாளின்னு ஒண்ணும் போடலியேணா. சாவா மூவான்னுதானே போட்டிருக்கு.”

அறையில் யாரும் பேசவில்லை. 11 ஆடு என்றால் 11 நாழி நெய், 44 நாள் விளக்கு. வாள்வீரன் தன் பங்கிலிருந்து ஆடு வாங்கித் தருவதாகச் சொன்னான். எங்கே வாங்குவது? பக்கத்து மந்தைகளும் கோயில் ஆடுகள்தான், சாவா மூவா ஆட்டை விற்க முடியாது. பிணை நின்ற இரண்டு மன்றாடிகளும் தங்கள் குட்டிகளை மறைத்து வைத்திருக்கிறார்கள், அவர்கள் பயம் அவர்களுக்கு. மருத்துவச்சி ஒரு வழி கண்டுபிடித்தாள், அடுத்த நாட்டுச் சந்தைக்குப் போய் ஆடு வாங்கி ஓட்டி வருவது, வழியில் சுங்கம். மூன்று மணி நேரம் அதிலேயே போனது. பகடையை ஒரு தடவைகூட யாரும் தொடவில்லை. ராத்திரி பத்தரைக்கு பதினோராவது ஆடு மந்தைக்குள் நுழைந்தபோது நாங்கள் கைதட்டினோம், யாளி செத்தபோதுகூட அப்படித் தட்டவில்லை. மூன்று வருஷத்தில் நாங்கள் விளையாடியதிலேயே நல்ல ஆட்டம் அதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

விளக்கைப் பற்றி இன்னொன்று. வேட்டையில் குறி தவறி அம்பு ஒரு மனிதன் மேல் பட்டு அவன் இறந்துபோனால், எய்தவன் அவன் பேரில் கோயிலுக்கு விளக்கு வைக்க வேண்டும் என்று நாட்டார் கூடித் தீர்ப்புச் சொன்ன கல்வெட்டுகளும் உண்டு. ஒரு உயிருக்கு ஒரு விளக்கு. செத்தவன் வீட்டுக்கு என்ன கொடுத்தார்கள் என்பது கல்லில் ஏறவில்லை. என் நோட்டில் அந்த வீட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் முடியவில்லை.

நடுகல்லையும் சொல்லாமல் விட முடியாது. பழைய வட ஆற்காட்டில் செங்கம் வட்டாரம் முழுக்க நடுகற்கள், தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைத் தொகுத்துப் புத்தகமாகவே போட்டிருக்கிறது. தொறு மீட்கப் போய்ச் செத்தவர்கள், அதாவது மாட்டு மந்தையை ஓட்டிப் போனவர்களைத் துரத்திப் போய்ச் செத்தவர்கள், ஊர் ஊராக நிற்கிறார்கள். அதில் எடுத்தனூர்க் கல் என் உயிர். மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு, ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்கிறவன் எருமைகளைக் காக்கப் போய் இறந்தான், அவனுக்கு எடுத்த கல். அந்தக் கல்லிலேயே அவன் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று அதற்கும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். அந்த நூற்றாண்டில் மகேந்திரவர்மனுக்காக உழைத்த எத்தனை ஆயிரம் பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? ஒரு எருமைக்காரனின் நாய் பெயர் தெரியும். யாரோ ஒருவர் உளியைக் கீழே வைக்கப் போகும் நேரத்தில், நாயையும் போடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அப்படிக் கேட்ட அந்த ஆள்தான் என் கதைக்கு வேண்டும்.

வரிகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. தறிக்கு வரி, செக்குக்கு வரி, குயவருக்குக் குசக்காணம், துணி வெளுக்கிற கல்லுக்கு வண்ணாரப்பாறை, மரம் ஏறுகிறவருக்கு ஈழம்பூட்சி, இடையருக்கு இடைப்பாட்டம், கல்யாணம் பண்ணினால் கண்ணாலக்காணம். இந்தப் பட்டியலைப் படித்தாலே ஒரு ஊரின் தெருக்கள் கண் முன்னால் வந்துவிடும். சாதாரண ஜனங்களின் பெயர் போய்விட்டது, அவர்கள் கட்டிய வரியின் பெயர் இருக்கிறது. கூலி இல்லாமல் கட்டாயமாக வாங்குகிற வேலைக்குக் கல்வெட்டில் வெட்டி என்று பெயர், இன்றைக்கும் வெட்டி வேலை என்று சொல்கிறோமே, அதேதான். இன்னொரு பக்கம், களத்தில் ஊர்த் தொழிலாளிகளுக்கு அளந்து போடுகிற பங்கைப் பழைய வருவாய் ஆவணங்களில் சுதந்திரம் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் நெஞ்சில் நின்றுவிட்டது. தம்பியின் தாத்தா களத்து ஓரத்தில் துண்டை விரித்து வாங்கிக்கொண்டது அதைத்தான்.

சாப்பாடு ஒரு சின்ன விஷயம், ஆனால் எழுதுகிறவர்கள் அடிக்கடி சறுக்குகிற இடம். அந்தக் காலத்து ஊர் என்றால் மிளகாய் இருக்கக் கூடாது, தக்காளி இருக்கக் கூடாது, உருளைக்கிழங்கு கூடாது, எங்கள் பக்கத்து மானாவாரி நிலமெல்லாம் பரவிக் கிடக்கிற மல்லாட்டை, அதாவது நிலக்கடலைகூடக் கூடாது. எல்லாம் போர்த்துக்கீசியர் கப்பல் வந்த பிறகு கடல் தாண்டி வந்தவை. மிளகும் புளியும் இஞ்சியும் உண்டு, கேழ்வரகுக் களி உண்டு, கத்திரிக்காய் உண்டு. நெல் விளைவிக்கிறவன் தினமும் அரிசி சாப்பிட்டான் என்று எழுதாதீர்கள், அது நடந்திருக்காது.

இப்போது நான் எழுதத் தயங்கிய இடத்துக்கு வருகிறேன். என் நோட்டின் முதல் பக்கத்தில், இந்த உலகத்தில் சாதி கிடையாது என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். நல்ல எண்ணத்தோடு எழுதியதுதான். மாய உலகம்தானே, நம் கையில் இருக்கிறது, அங்கேயாவது இல்லாமல் போகட்டும் என்று நினைத்தேன். பங்குனியில் ஒரு நாள், ஊரில் காய்ச்சல் பரவுகிற கட்டம் போய்க்கொண்டிருந்தபோது தம்பி கேட்டான், “எங்க ஆளு ஊர்க் கிணத்துல தண்ணி மொள்ளலாமாணா?”

மொள்ளலாமே, சாதி கிடையாது என்றேன்.

“அப்ப ஏன்ணா அவன்கிட்ட ஒரு காணி நிலம்கூட இல்ல? ஏன் அவன் வீடு மட்டும் ஏரிக்குக் கீழ பள்ளத்துல கீது?”

நான்தான் அப்படி வரைந்திருந்தேன். தெரியாமலே கை வரைந்திருக்கிறது. ஊரெல்லாம் மேட்டில், சேரி பள்ளத்தில், நீர்க்கட்டி அங்கே. சாதி இல்லை என்று ஒரு வரியில் எழுதிவிட்டு, அது வகுத்த இடத்திலேயே எல்லோரையும் குடிவைத்திருக்கிறேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வரி விலக்கான நிலங்களைச் சொல்லும்போது பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்று வரிசையாக வரும், ராஜராஜன் காலத்திலேயே தீண்டா என்கிற சொல் கல்லில் ஏறிவிட்டது. ஏரி வாரியத்துக்குக் குடவோலை முறையில் ஆள் எடுத்த உத்திரமேரூரை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம், நானும் சொல்வேன். ஆனால் அந்தக் குடத்தில் பெயர் போட கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலமும், சொந்த மனையில் வீடும், படிப்பும் வேண்டும். ஏரியைத் தன் உடம்பு மாதிரி அறிந்த நீர்க்கட்டியின் பெயர் அந்தக் குடத்துக்குள் போகாது. அத்தனை வயலுக்கும் தண்ணீர் திருப்புகிற கை அவனுடையது, அதே கை ஊர்க் கிணற்றில் கயிற்றைத் தொடக் கூடாது. தம்பியின் அப்பா கரையில் உட்கார்ந்து இதை என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

அன்றைக்கு நாங்கள் விளையாடவில்லை, பேசிக்கொண்டே இருந்தோம். மருத்துவச்சியாக வருகிற அக்கா நிஜத்தில் நர்ஸ். “நான் சேரிக்குள்ள பிரசவம் பார்க்கப் போறேன். பார்த்துட்டு வந்தா என்னைக் கோட்டைக்குள்ள விடுவாங்களா? ராணிக்கும் நான்தானே பார்க்கணும்?” என்று கேட்டார். முதல் பக்கத்து வரியை அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக எந்தத் தெருவில் யார் நடக்கலாம், எந்தக் கிணறு யாருடையது, யார் மீறினால் என்ன நடக்கும் என்று நாலு பக்கம் எழுதினோம், ஐந்து பேரும் சேர்ந்து. எழுதும்போது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. தம்பிதான் அதிகம் சொன்னான், சில இடங்களில் அவனே பேனாவை வாங்கி எழுதினான்.

இப்போது நடந்துகொண்டிருக்கிற கட்டம் படையெடுப்பு. பழைய வட ஆற்காட்டு மண்ணுக்கு இது புதிதில்லை. 949-இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே உயிர்விட்டான், ‘ஆனைமேற் துஞ்சின தேவர்’ என்று அவனுக்குப் பெயரே ஆகிவிட்டது. சண்டை ஒரு நாளில் முடிந்துவிடும், படை நடப்பது பல நாள். நடக்கிற படைக்கு யார் சோறு போட்டது? ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு நாழி அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள், 1000 பேருக்கு 1000 நாழி. இரண்டு பங்கு அரிசிக்கு ஐந்து பங்கு நெல் என்பது அந்தக் காலத்துக் கோயில் கணக்கு, அப்படிப் பார்த்தால் 2500 நாழி நெல், கலத்துக்கு 96 நாழி என்றால் 26 கலம். ஒரு நாளைக்கு. யானைக்கும் குதிரைக்கும் தனி. தஞ்சைக் கோயிலில் ஒரு தளிச்சேரிப் பெண்ணுக்கு, அதாவது கோயிலில் ஆடிப் பாடுகிறவளுக்கு, வருஷம் முழுவதற்குமான பங்கு 100 கலம் நெல், அதை ஆயிரம் பேர் நாலு நாளில் தின்று தீர்த்துவிடுவார்கள். எதிரிப் படை என்றால் கொள்ளையடிக்கும், நம் படை என்றால் கேட்டு வாங்கும், களத்தில் மிஞ்சுவது இரண்டிலும் ஒன்றுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் படை எங்கள் கதையில் ஏரிக்கு ஒரு நாள் தூரத்தில் வந்துவிட்டது. வயலில் நெல் பால் பிடிக்கிற பருவம். வண்டிப்பாதை ஏரிக்குக் கீழே பள்ளத்து வழியாகப் போகிறது. வாள்வீரன் கணவாயில் போய் மறிக்கலாம் என்றான், மூன்று பேர் 2000 பேரை மறிக்க முடியாது என்று அவனுக்கே தெரியும். ராஜா கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டார். அப்போது தம்பி, மதகு இரண்டையும் முழுக்கத் தூக்கினால் பள்ளம் எவ்வளவு நேரத்தில் சேறாகும் என்று கேட்டான். விடியறதுக்குள் ஆகிவிடும், வண்டி அச்சுவரை இறங்கும் என்றேன். அப்புறம் ஏரியில் எத்தனை நாள் தண்ணீர் இருக்கிறது என்று கேட்டான். சிக்கனமாக விட்டால் 40 நாள், அறுப்புவரை சரியாக வரும். மதகை முழுக்கத் திறந்தால் மூன்று நாளில் தீர்ந்துவிடும். பள்ளத்தில் முதலில் தண்ணீர் ஏறப்போவது சேரியில்தான், அவன் வீட்டில்தான்.

பகடையை அவன் பக்கம் தள்ளினேன். எடுக்கவில்லை.

“இதுக்கு உருட்டக் கூடாதுணா” என்றான். வரைபடத்தை இழுத்து வைத்துக்கொண்டு, சேரியில் எத்தனை வீடு, எத்தனை பேர், எத்தனை கிழங்கட்டைகள், எத்தனை கைக்குழந்தை, அவர்களை ஏரிக்கரை மேல் ஏற்ற எவ்வளவு நேரமாகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தான். எனக்குத் தெரியாததை அக்கா சொன்னார், அவருக்குத் தெரியாததை மருந்துக் கடைக்காரர் கணக்குப் போட்டார். ஆடுகளைக் கோயில் மதிலுக்குள் ஓட்ட வேண்டும் என்று வாள்வீரன் எழுந்தான், 90-உம் இருக்கிறதா என்று எண்ணிவிட்டு ஓட்டு என்று தம்பி அவனிடம் சொன்னான். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. 46 வீட்டில் 31 வீடுவரைதான் கரை ஏறியிருக்கிறார்கள். மீதியை அடுத்த வாரம் ஏற்ற வேண்டும்.